ஞாயிறு வரை காற்று

திங்கட்கிழமை பிற்பகல் அவர்கள் புயலுக்கு ஒதுங்கி அந்தச் சிறிய துறைமுகத்துக்குள் நுழைந்தபோது இருவருமே தொப்பலாக நனைந்திருந்தார்கள். சுக்கானைப் பிடித்திருந்தவர் கணவர், ஓய்வுபெற்ற சர்வேயர். முன்பக்கம் கயிறோடு நின்றவள் மனைவி, முப்பது வருஷம் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவள். வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, ஆறு வருஷமாக வெயில் காலம் முழுவதும் கரையோரமாக ஊர் ஊராகப் போய்வருகிறார்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். இன்னொருவர் நிமிர வேண்டுமென்றால் முதலாமவர் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வீடு.

இந்தத் தடவை ஊர் பார்க்கக் கிளம்பவில்லை. வளைகுடாவின் அந்தப் பக்கத்து நகரத்தில் அவளுடைய தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தாள். தொண்டையில் கட்டி. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தங்கைக்குக் குரல் இருக்காது.

தங்கை காய்கறிக் கடைக்காரி. ஒரு காலத்தில் அவள் கடையில் நின்று விலை சொன்னால் மூன்றாவது தெருவில் இருப்பவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இப்போது மிச்சமிருந்தது மூச்சோடு கலந்த ஒரு முணுமுணுப்புதான். போனில் அது கேட்காது. வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும்.

“எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க வரணுமாம் பெரியம்மா,” என்று தங்கையின் மகள் போனில் சொல்லியிருந்தாள். “பக்கத்துல உக்காந்து பேசணுமாம்.”

நல்ல காற்றில் எட்டு மணி நேரப் பயணம். வியாழன் இரவுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். கையில் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் போதும் என்றுதான் இருவரும் திங்கட்கிழமை நினைத்தார்கள்.

துறைமுகம் ஒரு கைக்குட்டை அளவுதான். கடலைத் தடுக்கப் பாறைகளால் ஒரு சுவர். சுவருக்குள் பதினைந்து மீன்பிடிப் படகுகள், இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கரையில் ஐஸ் கொட்டகை, ஒரு டீசல் பம்ப், ஒரு டீக்கடை, தகரக் கூரை போட்ட துறைமுக அலுவலகம். மேட்டுமேல் ஏறினால் பஸ் நிலையம். போனுக்கு சிக்னல் கிடைப்பதும் அந்த மேட்டில்தான்.

புயல் நேரத்தில் சுவரைத் தாண்டியும் அலை உள்ளே புகுந்தது. அவர்கள் படகு கரையோரக் கல்மேடையை ஒட்டி ஏறி இறங்கி, முட்டி முட்டி நின்றது. நடுவில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஆறு மணி நேரம் ஆளுயரம் ஏறும், அடுத்த ஆறு மணி நேரம் ஆளுயரம் இறங்கும். ஏறும்போது கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும், இறங்கும்போது தளர்த்த வேண்டும். மறந்தால் படகு கயிற்றில் தொங்கும், இல்லாவிட்டால் கல்லில் மோதி உடையும். ஆகவே யாராவது ஒருவர் எப்போதும் படகில் இருந்தாக வேண்டும்.

இவர்கள் படகில் ஒரு சட்டம் இருந்தது. காற்று அவருக்கு, என்ஜின் அவளுக்கு. முதல் வருஷம் இருவரும் சேர்ந்தே வானிலை பார்த்தார்கள். போகலாம், கூடாது என்று நடுக்கடலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது படகு பாறையில் உரசிவிட்டது. அன்றைக்கு ஏற்பட்ட ஒப்பந்தம் இது. அன்றிலிருந்து அவர் மட்டும் வானிலை பார்ப்பார். பார்த்துவிட்டு, போகலாம் அல்லது நிற்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்வார். அவள் ஏன் என்று கேட்டதில்லை. அவள் என்ஜின் ஓடாது என்றால் அவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஐந்து வருஷமாக இதனால் படகில் சண்டையே இல்லை. பார்க்கிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தினமும் வானிலைத் தாளைக் குத்திவைப்பார்கள். திரும்பி வந்தபோது அவள் கோட்டை வாங்கி மாட்டியபடியே அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கு அடங்கிடும்,” என்றார்.

“அப்ப நாளைக்கே போயிடலாமா?”

“போயிடலாம்.”

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை இதே காற்று என்று தாளில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் அவள் பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்து, வளைகுடாவைச் சுற்றிப் பத்து மணி நேரம் போய், ராத்திரி ஒன்பதுக்குத் தங்கையிடம் இருப்பாள். அவர் இங்கே தனியாக இருப்பார். போன வருஷத்திலிருந்து அவருக்கு இடது கையில் பிடி குறைந்திருந்தது. தனியாகக் கயிறு மாற்ற முடியுமா என்பது அவருக்கே சந்தேகம். வாயில் வந்தது வேறு.

“எதுக்கும் நான் பஸ்ல போயிடவா?” என்று அவள் கேட்டாள்.

“நாளைக்குப் படகுலயே போயிடலாம்னா எதுக்கு பத்து மணி நேரம் இடிபட்டுட்டுப் போகணும்? நீ போயிட்டா கயிறை யார் பாக்கறது?”

அதுவும் சரிதான் என்று அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

புதன்கிழமை காற்று இன்னும் கூடியது. பாய்மரத்தின் கம்பிகள் நாள் முழுக்க ஊளையிட்டன. படுக்கை, தலையணை, தீப்பெட்டி எல்லாமே ஈரம். அவர் காலையில் அலுவலகத்துக்குப் போய்வந்து, “ஒரு நாள் தள்ளிப்போயிருக்கு. நாளைக்கு மத்தியானம் கிளம்பிடலாம்,” என்றார்.

“மீன்காரங்க ஒருத்தர்கூட வெளிய போகலையே?”

“அவங்களுக்கு வலை போடணும். நமக்கு பாய் போதும். அவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற.”

சட்டம் இருந்ததால் அவள் மேலே கேட்கவில்லை. பத்தரை மணிக்கு மேட்டுமேல் ஏறிப்போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

“பெரியம்மா, அம்மா பேசணும்ங்கறாங்க. இருங்க, போனை வாய்கிட்ட வைக்கறேன்.”

அந்தப் பக்கம் காற்றுபோல ஏதோ கேட்டது. இந்தப் பக்கமும் காற்று. எது தங்கை, எது புயல் என்று பிரிக்க முடியவில்லை. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பஸ் நிலையச் சுவரோடு ஒட்டிநின்று பார்த்தாள்.

“ஒண்ணும் கேக்கலடி. நாளைக்கு ராத்திரி நேர்ல வந்துடறேன். கண்டிப்பா வந்துடறேன்.”

மறுபடி மகள் வந்தாள். “கண்டிப்பாவான்னு கேக்கறாங்க.”

“நான் என்னைக்கு வார்த்தை மாறியிருக்கேன்? எங்கிட்ட பேசறதுக்கு எல்லாத்தையும் சேத்து வெச்சிக்கச் சொல்லு.”

பஸ் டிரைவர் தேநீர்க் கோப்பையோடு வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். “ஏறுங்கக்கா, சீட்டு நிறைய இருக்கு. இந்த மழையில ஏறினதே நாலு பேருதான்.”

“இல்லப்பா. நாங்க படகுல போறோம், நாளைக்கு.”

“இந்தக் காத்துலயா? படகுக்கு ரெக்கை ஏதும் இருக்கா?”

அவளும் சிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் பாத்துச் சொல்லியிருக்கார். அவர் சொன்னா சரியா இருக்கும்.”

பஸ் அவளைக் கடந்து போனபோது டிரைவர் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் எழுந்து, ஆண்டவனிடம் காற்றை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். மூன்று நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்ஜின் மூடியைத் திறந்து வேலையில் இறங்கினாள். எண்ணெய் பார்த்தாள். டீசல் குழாயில் காற்று அடைத்திருந்ததைத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பம்ப் அடித்து வெளியேற்றினாள். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். இயந்திரங்கள் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே சத்தம் வரும்.

“மத்தியானம்தானே?” என்று நிமிராமலே கேட்டாள்.

“ம்... ரெண்டு மணிபோல பாக்கலாம்,” என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டயர் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அதையே மறுபடி கட்டினார்.

பதினோரு மணிக்கு மேட்டுமேல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. படகுக்குள் இருந்தே இருவரும் அதைக் கேட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு அவள் வழிக்கு வேண்டும் என்று காலி டின்னை எடுத்துக்கொண்டு டீசல் பம்புக்குப் போனாள். பம்ப்காரர் ஐஸ் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஒரு தகர டப்பாவில் திருகுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் கிரீஸ்.

“இப்ப எதுக்குக்கா டீசல்?”

“ரெண்டு மணிக்குக் கிளம்பறோம்.”

“எங்க?”

“அக்கரைக்குத்தான். என் தங்கச்சிக்கு நாளைக்கு ஆபரேஷன்.”

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் வெளிய போக முடியாதேக்கா. செவ்வாய்க்கிழமையே போட்டுட்டாங்களே.”

அவள் டின்னை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அன்னைக்கு சாயங்காலமே நீங்க இல்லாதப்ப படகுக்கு வந்து சார்கிட்ட சொன்னேன். தங்கச்சி விஷயம் டீக்கடையில நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. ரெண்டு பேருமே பஸ்ல போயிட்டு வாங்க, கயிறை நான் பாத்துக்கறேன், எப்படியும் ஐஸ் கொட்டகையிலதான கிடக்கறேன்னேன். வேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்னுட்டார்.” அவர் தயங்கினார். “உங்களுக்குத்தான் போக மனசில்லையோன்னு நினைச்சேன். குடும்பத்துல ஆயிரம் இருக்கும். நாம எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன். தப்பாப் போச்சாக்கா?”

“உங்க மேல ஒரு தப்பும் இல்லப்பா,” என்றாள்.

டின்னை அங்கேயே வைத்துவிட்டு அலுவலகத்துக்கு நடந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா போனில் யாருடனோ பேசிக்கொண்டே தலையாட்டினார். வானிலைத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அதே ஆணியில் குத்திவைத்திருந்தார்கள். அவள் மேல்தாளைப் படித்தாள். அதைத் தூக்கிவிட்டு அடுத்ததைப் படித்தாள். பிறகு அதற்கும் கீழே இருந்ததை. வியாழன், புதன், செவ்வாய். மூன்றிலும் ஒரே வரி. பலத்த காற்று, ஞாயிறு பிற்பகல் வரை. எழுத்துகூட மாறவில்லை.

ஐந்து வருஷத்தில் அவள் வானிலைத் தாளைத் தொட்டது அன்றுதான்.

படகுக்குள் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் வெறுங்கையோடு இறங்கி வருவதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கதவருகில் நின்றாள். அவர் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு நிமிர்ந்து நிற்க இடமிருந்தது.

“பாத்துட்டேன்,” என்றாள்.

மேலே கம்பிகள் ஊளையிட்டன.

“மாறும்னு நினைச்சேன்,” என்றார். “சில சமயம் மாறும். உனக்கே தெரியும்.”

“மாறும்னு நினைச்சேன்னு சொல்லியிருக்கலாமே. அடங்கிடும்னு எதுக்குச் சொன்னீங்க?”

அவர் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். “பயமா இருந்துச்சு.”

“எதுக்கு?”

“நீ போயிட்டா ராத்திரி தண்ணி இறங்கறப்ப... இந்தக் கை பிடிக்கலன்னா...”

“அதைச் சொல்லவேண்டியதுதான? பயமா இருக்கு, போகாதேன்னு ஒரு வார்த்தை. நான் அப்ப யோசிச்சிருப்பேன். ஒருவேளை நின்னுகூட இருப்பேன். நானா நின்னேன்னு இருந்திருக்கும்.”

“எப்படிச் சொல்றது?”

“அந்தப் பம்ப்காரர் வந்து கேட்டாரே. அவருக்கு என்ன பதில் சொல்லி அனுப்பினீங்க?”

“முன்ன பின்ன தெரியாதவர்ம்மா. ஒரு உதவின்னு வாங்கிட்டா அப்புறம் அவர்கிட்ட தலைகுனிஞ்சு நிக்கணும்.”

“முன்ன பின்ன தெரிஞ்சவர்னு நான் உங்களைத்தான் முப்பத்துநாலு வருஷமா நம்பிக்கிட்டிருந்தேன்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்துப் படகில் இருந்தவருக்குக் கேட்டிருந்தால் சமையலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

இரண்டு உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேடைமேல் கால் வைத்த பிறகு திரும்பி, “நாலு மணிக்குத் தண்ணி இறங்க ஆரம்பிக்கும்,” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைய ஒரே பஸ் போய்விட்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் பம்ப்காரர் ஓடிப்போய் ஐஸ் வேன் டிரைவரைக் கூட்டிவந்தார். வேன் பாதிவழி வரை, ரயில் நிலையம் இருக்கும் ஊர் வரைதான் போகும். அதுவும் வழியில் ஏழு இடத்தில் ஐஸ் இறக்கிவிட்டுத்தான் போகும். அங்கே போய்ச் சேர ராத்திரியாகிவிடும். விடிகாலை முதல் ரயில்.

“பரவாயில்லப்பா, ஏத்திக்குங்க,” என்றாள்.

டிரைவர் தன் சாப்பாட்டுப் பையையும் போர்வையையும் பின்னால் எறிந்துவிட்டு, சீட்டைத் துணியால் துடைத்தார். ஒவ்வோர் இடத்திலும் ஐஸ் இறக்கும்போது கடைக்காரர்களிடம், “சீக்கிரம் பாருங்கய்யா, அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறாங்க,” என்றார். அவர்களும் பெட்டியைப் பிடித்து இறக்கினார்கள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் ஜன்னலைச் சாத்தாமல் விட்டு, உள்ளே இருந்த ஹீட்டரை இவள் பக்கம் திருப்பிவைத்தாள். யாரும் இவளிடம் எதுவும் விசாரிக்கவில்லை. முகத்தைப் பார்த்தே செய்தார்கள்.

ரயில் நிலைய நாற்காலியில் உட்கார்ந்து அவள் யோசித்துப் பார்த்தாள். மூன்று நாள் ஆண்டவனைக் கூப்பிட்டிருந்தாள். பதில் செவ்வாய்க்கிழமை மாலையே வந்திருக்கிறது, கையில் கிரீஸோடு. படகு வாசலில் நின்று, வேண்டாம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குள் அவள் நுழைந்தபோது மணி ஒன்பது இருபது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே தங்கையின் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை.

“ஏழே முக்காலுக்கு உள்ள கொண்டு போனாங்க பெரியம்மா. அதுவரைக்கும் கதவையேதான் பாத்துக்கிட்டிருந்தாங்க. எங்கிட்ட சொல்லும்மா, நான் பெரியம்மாகிட்ட சொல்லிடறேன்னேன். மாட்டேன்னு தலையாட்டிட்டாங்க. நீங்க வார்த்தை மாறமாட்டீங்கன்னாங்க.”

அவள் மெல்ல உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை தங்கையைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். கழுத்தில் குழாய், அதைச் சுற்றிக் கட்டு. மடியில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். வெளியே மரங்கள் அசையாமல் நின்றன.

“என்ன சொல்லணும்னு இருந்தேடி?” என்று அக்கா கேட்டாள்.

தங்கை ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கோணல்மாணலாக எழுதினாள். “முக்கியமா ஒண்ணுமில்ல. வேலையெல்லாம் விட்டுட்டு கடல்ல சுத்தறியேன்னு ஆறு வருஷமா உன்ன நாலு திட்டு திட்டணும்னு இருந்தேன். எழுதினா உறைக்காது.”

அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. தங்கை நோட்டை வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதினாள். “அப்புறம் அக்கான்னு ஒரு தடவ கூப்பிடணும்னு.”

திங்கட்கிழமை மதியம் அவர் வந்தார். முகச்சவரம் செய்திருந்தார். வாசலிலேயே நின்றார். தங்கை அவரைப் பார்த்துவிட்டு, சிரமப்பட்டுக் கால்களை ஒதுக்கிக் கட்டிலில் இடம் செய்தாள். நோட்டில் எழுதி நீட்டினாள். “வாங்க மாமா. படகுக்கு ஒண்ணும் ஆகலையே?”

அவர் அதை இரண்டு தடவை படித்தார். “ஒண்ணும் ஆகலம்மா. நேத்து சாயங்காலம் காத்து நின்னுச்சு. விடிகாலையில படகுல கிளம்பினேன். பம்ப்காரர் மூணு ராத்திரியும் வந்து என்கூட கயிறு மாத்தினார். நான் கூப்பிடல. அவரா வந்தார்.”

“செவ்வாய்க்கிழமையும் அவராத்தான் வந்தார்,” என்றாள் மனைவி. தங்கையின் தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

நர்ஸ் உள்ளே வந்து, கட்டு மாற்ற வேண்டும், ஒருவர் மட்டும் இருக்கலாம் என்றாள். அவர் மனைவியைப் பார்த்தார். இரு என்றோ, போ என்றோ அவள் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் நர்ஸ் கேட்ட கத்தரியை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் வெளியே வந்தார். நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் யாரோ ஒரு நோயாளியின் அப்பாவோ மாமாவோ உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து உட்கார்ந்தார்.

“உக்காருங்க.”

“பரவாயில்லைங்க. நிக்கறேன்,” என்றார் இவர்.

அந்த மனிதர் தலையாட்டினார். பையைத் திரும்பப் பெஞ்சில் வைக்கவில்லை.